உறுதி இல்லாதவனுக்குக் காப்புறுதி ஏது?

(விவசாயிகளும் உத்தியோகத்தரும் வணிகரும் கூடிய கண்டிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் முழு வடிவம்)



இம்மண்டபத்துக்கு வரும் வழியில் கெட்டம்பையில் சற்று நின்று மகாவலியைப் பார்த்தோம். கற்களுக்கிடையே அடங்கி ஒடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் கம்பளைப் பட்டினத்தை மூழ்கடித்ததும், பேராதனை இருப்புப்பாதைப் பாலத்தைச் சிதைத்ததும் இந்த ஆறுதானா என்று பார்ப்பவர் எவருக்கும் ஐயம் எழும். நீர் வடிந்ததும் மனிதனுக்கு மறதி வந்துவிடுகின்றது. அந்த மறதியோடு வழக்காடவே இன்று உங்கள் முன் வந்து நிற்கின்றோம்.

நடந்ததைச் சுருங்கச் சொல்லுவோம். நவம்பர் 22ஆந் திகதி, புயல் என்ற பேச்சே எழுமுன்னர், கீழ்க் கடுகண்ணாவையில் பாறையும் மண்ணும் வீதியோரக் கடையின் மேல் வீழ்ந்து உயிர்ப்பலி கொண்டன. அதன் பின்னர் 27ஆம், 28ஆந் திகதிகளில் டித்வா புயலின் மழை மலைநாட்டின் மேல் கொட்டிற்று. மாத்தளை மாவட்டத்துக் கம்மடுவையில் 24 மணி நேரத்தில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவாயிற்று. நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எல்லா மாவட்டங்களிலும் கூடிய உயிரிழப்பு நமது கண்டி மாவட்டத்திலேயே; இருநூறுக்கு மேல். பொருட்சேதத்தை மதிப்பிட்ட உலக வங்கி நாடு முழுவதற்கும் 400 கோடி டொலருக்கு மேல் என்று கணக்கிட்டது; அதிலும் முதலிடம் கண்டிக்கே.

இது எவரும் கண்டிராத புதுமை என்று சிலர் பேசுகின்றனர். அவ்வாறன்று. 1947 ஆகஸ்டில் கம்பளையையும் பேராதனையையும் இதே மகாவலி மூடியது. அக்காலத்தில் கொத்மலை அணையும் இல்லை, பொல்கொல்லை அணையும் இல்லை. இவ்வணைகள் எழுந்தபின் ஆறு கட்டுண்டுவிட்டது என்று நம்மவர் நம்பினர். இந்த நம்பிக்கையைச் சற்று ஆராய வேண்டும். கொத்மலை அணை கட்டப்பட்டிருப்பது கொத்மலை ஓயாவின் குறுக்கே. நாவலப்பிட்டிப் பக்கமிருந்து இறங்கிவரும் மகாவலியின் மற்றக் கைக்கு அவ்வாறான பேரணை கிடையாது. ஆகவே கொத்மலையின் கதவுகள் அனைத்தும் மூடியிருந்தாலுங்கூட, மற்றக் கையில் வரும் நீர் கம்பளைக்கு வந்தே தீரும். நீர்த்தேக்கம் நிரம்பியபின் கதவைத் திறக்காமலும் இருக்க இயலாது. அணையைக் காப்பாற்ற வேண்டுமன்றோ? பொல்கொல்லையோ தண்ணீரைத் திருப்பிவிட 1976இல் கட்டி முடிக்கப்பட்ட சிறு தடுப்பு. வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் இடம் அங்கே இல்லை. மலைச்சரிவில் மண் அரித்து வந்து சில ஆண்டுகளிலேயே அதில் வண்டலும் படிந்துபோயிற்று.

நம் நாட்டு மலை வெள்ளம் மட்டக்களப்புச் சமவெளி வெள்ளத்தைப் போன்றதன்று. அங்கே நீர் மெல்ல ஏறி நாட்கணக்காக நிற்கும். மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்ட நேரமிருக்கும். இங்கே சில மணி நேரத்துக்குள் ஏறி, அடித்துச் சென்று, வடிந்துவிடும். அக்குறணை மக்களைக் கேளுங்கள். பிங்கா ஓயா என்ற சிற்றாறு மாத்தளை வீதிக் கடைகளுக்குள் எத்தனை முறை புகுந்தது என்று விரல் மடித்துச் சொல்லுவர். அவ்வோயாவின் இருகரையிலுமுள்ள வயலும் சதுப்பும் நிரப்பப்பட்டு, கட்டடங்கள் எழுந்துவிட்டன. முன்பு நீர் பரந்து நின்ற இடத்தில் இன்று சீமெந்துத் தூண் நிற்கின்றது. நீர் வேறெங்கே போகும்? இந்தக் கண்டி நகரமே வயலின் மேலும் நீரின் மேலும் எழுந்ததுதான். தமிழ் பேசிய நாயக்க வம்சத்துக் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்துத்தான் வாவியை அமைக்கத் தொடங்கினான். அதன் கழிநீர் மெத எல வழியாகக் கெட்டம்பையில் ஆற்றைச் சேருகின்றது. அந்த வாய்க்காலில் இன்று நாம் எறியும் குப்பையை மன்னன் கண்டிருந்தால் என்ன தண்டனை விதித்திருப்பானோ, நாமறியோம்!

நூறாண்டு வெள்ளம்

படித்தவர்களிடங்கூட ஒரு மயக்கம் உண்டு. "இது நூறாண்டு வெள்ளம்; இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வரும்" என்கின்றனர். பொறியியலாளர் அச்சொல்லை அப்பொருளில் வழங்குவதில்லை. ஒரு பையில் 99 வெள்ளை மணியும் ஒரு சிவப்பு மணியும் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததைத் திரும்பவும் பைக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கின்றோம். இந்த ஆண்டு சிவப்பு வந்துவிட்டது என்பதற்காக அடுத்த ஆண்டு வராமற்போவதில்லை. பை பழைய பையே. இதுதான் நூறாண்டு வெள்ளம்: ஆண்டுதோறும் நூற்றுக்கொரு வாய்ப்பு.

சிறிது கணக்குப் போடுவோம். வங்கியில் 30 ஆண்டுத் தவணையில் கடன் பெற்று வீடு கட்டுகின்றீர்கள். அக்கடன் தீருமுன் அத்தகைய வெள்ளம் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26. உங்கள் வளவு இன்னும் தாழ்வாக, இருபத்தைந்தாண்டு வெள்ளம் எட்டும் மட்டத்தில் இருந்தால் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 71. நூற்றுக்கு எழுபத்தொன்று வாய்ப்புள்ள ஆபத்தை விதி என்று சொல்லிக் கைகட்டி இருப்பது அறிவுடைமையாகாது. மேலும், கடலும் காற்றும் சூடேறிவரும் இக்காலத்தில் பெருமழையின் வேகம் கூடிவருகின்றது என்பது வானிலை அறிஞரின் முடிவு. பைக்குள் சிவப்பு மணிகள் கூடிக்கொண்டிருக்கின்றன என்று கொள்ளலாம்.

ஆற்றங்கரையில் இல்லாதவர், "நமக்கென்ன, மேட்டிலல்லவோ இருக்கின்றோம்" என்று மகிழ வேண்டாம். மேட்டில் இருப்பவனுக்கு மலையே வெள்ளம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று படிகள் வகுத்திருக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல். 100 ஆனால் புறப்பட ஆயத்தமாதல். 150 ஆனால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், இடத்தைவிட்டு வெளியேறுதல். கம்மடுவையின் ஐந்நூறை இந்த நூற்றைம்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! மழையை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு தகரப் பேணியைத் திறந்த வெளியில் வைத்து, சேர்ந்த நீரை அடிமட்டத்தால் அளந்தால் போதும். பாடசாலைப் பிள்ளையும் செய்யலாம். தரையில் புது வெடிப்பு, மரம் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று எழுதல், இருந்த ஊற்று திடீரென வற்றுதல், கலங்கிய நீர் கசிதல், இவற்றுள் எதைக் கண்டாலும் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

ஆனால் எச்சரிக்கை விளங்கவேண்டுமே! 2025இல் எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. தமிழும் ஆட்சி மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எழுதி நாற்பதாண்டு நெருங்குகின்றது. தோட்டத்துத் தாய் ஒருத்தி, "ஓடு" என்ற ஒரு சொல்லைத் தன் மொழியில் கேட்பதற்கு இன்னும் காத்திருக்க வேண்டுமா? மொழியுரிமை என்பது பெயர்ப்பலகையோடு முடிவதன்று. இங்கே அது உயிர்க்காப்பு.

நிவாரணமும் காப்புறுதியும்

இனிக் காப்புறுதிக்கு வருவோம். "அரசாங்கந்தான் கொடுக்கின்றதே, காப்புறுதி எதற்கு?" என்று கேட்பவர் உளர். வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபாவும், வீட்டை முற்றாக இழந்தோர் மீளக் கட்ட 50 இலட்சம் ரூபா வரையும் தருவதாக டித்வாவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. நல்ல செயல்; நாம் குறை கூறவில்லை. எனினும் நிவாரணம் வேறு, காப்புறுதி வேறு. நிவாரணத்தின் அளவை இடர் நேர்ந்த பின்னர் கொடுப்பவர் தீர்மானிக்கின்றார். காப்புறுதியின் அளவு இடர் நேருமுன்னரே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. முன்னதை வேண்டிக் கேட்கிறோம். பின்னதை உரிமையோடு கேட்கலாம். மறுத்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும், அதற்குமேல் நீதிமன்றத்துக்கும் போக வழியுண்டு.

ஆயினும் பத்திரம் பெட்டிக்குள் இருக்கின்றது என்ற ஒன்றை நம்பி உறங்கலாகாது. அதை எடுத்து வாசிக்க வேண்டும். நாமறிந்த வணிகர் ஒருவர் கம்பளையில் கடை வைத்திருக்கின்றார். ஆண்டு தவறாமல் கட்டுப்பணம் செலுத்தியவர். நீர் வடிந்தபின் பத்திரத்தைக் கொண்டு ஓடினார். அது தீக்காப்புறுதி, வெள்ளத்துக்கெனத் தனியே சேர்க்கவேண்டிய பிரிவு அதில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் பன்னிரண்டு பக்கம். அவர் வாசித்ததோ முதற் பக்கத்திலிருந்த தம் பெயரை மட்டுமே! சிரிக்க வேண்டாம். இம்மண்டபத்தில் எத்தனை பேர் தம் பத்திரத்தை முழுதும் வாசித்திருக்கின்றோம்? வாகனக் காப்புறுதியும் இப்படியே. இயற்கை அனர்த்தம் என்ற பிரிவு அதில் உண்டா என்று பாருங்கள்.

மலைநாட்டானுக்கு இதனினும் நுட்பமான கேள்வி ஒன்று இருக்கின்றது. மழை பெய்தது, மலை நெகிழ்ந்தது, சேறும் கல்லும் வந்து வீட்டை மூடின. இது வெள்ளமா, மண்சரிவா? உங்களுக்கு எல்லாம் ஒன்றே. பத்திரத்துக்கு அவ்வாறன்று. வெள்ளம் என்று மட்டும் எழுதியிருந்தால் மண்சரிவுக்குப் பணமில்லை என்று கூற இடமுண்டு. இந்த வழக்கு நம் நாட்டோடு நிற்பதன்று. அமெரிக்க அரசாங்கம் 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்புறுதி, சேற்று வெள்ளத்துக்குப் பணம் தரும், நிலச்சரிவுக்குத் தராது. இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே என்று அங்கேயும் வாதாடுகின்றார்கள். ஆகவே கண்டிச் சீமையில் காப்புறுதி எடுப்பவர், வெள்ளம், மண்சரிவு என்ற இரண்டு சொற்களும் பத்திரத்தில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும்.

குறைத்து மதிப்பிடும் தவறும் பெருந்தவறு. வீட்டைத் திரும்பக் கட்ட 60 இலட்சம் வேண்டும். கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்க 30 இலட்சத்துக்கே காப்புறுதி செய்கின்றீர்கள். வெள்ளத்தால் 10 இலட்சம் சேதம். "முப்பதுக்குள் பத்து அடங்கும், முழுவதும் வரும்" என்று எண்ணுகின்றீர்கள். வராது. பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்தவருக்குச் சேதத்திலும் பாதியே என்பது பெரும்பாலான பத்திரங்களிலுள்ள விதி. ஐந்து இலட்சமாயிற்று. இனி, நட்டத்தின் முதற் பங்கை நீங்களே சுமக்க வேண்டும் என்றொரு பிரிவும் இருக்கும். அது நூற்றுக்குப் பத்தானால், கையில் வருவது நாலரை இலட்சம். வங்கிக் கடனுக்காக எடுத்த காப்புறுதியானால் அதுவும் முதலில் வங்கிக்கே போகும்.

"காப்புறுதிக் கம்பனிகள் வெள்ளம் என்றதும் ஏன் தயங்குகின்றன?" என்று அன்பர் ஒருவர் முன்னர் கேட்டார். நியாயமான கேள்வி. தீ ஒரு வீட்டில் பிடிக்கும். வெள்ளம் ஓர் ஊரையே பிடிக்கும். அதுவுமன்றி, ஆற்றங்கரையில் இருப்பவர் மட்டுமே வெள்ளக் காப்புறுதியை நாடுவர். மேட்டில் இருப்பவர் நாடார். நட்டமடையப் போகின்றவர்கள் மட்டும் கூடிச் சீட்டுப் பிடித்தால் அந்தச் சீட்டு எத்தனை நாள் நிற்கும்? 1927இன் மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பின் அமெரிக்கக் கம்பனிகள் வெள்ளக் காப்புறுதியைக் கைவிட்டன. அதனாலேயே 1968இல் அரசாங்கம் முன்வர நேர்ந்தது. பிரித்தானியாவில் 2016இல் ஏற்பட்ட முறை இன்னொரு விதம்: நாட்டின் வீட்டுக் காப்புறுதிக் கம்பனிகள் அனைத்திடமும் வரி வாங்கி ஒரு பொதுநிதி சேர்த்து, வெள்ள அபாய வீடுகளின் கட்டுப்பணத்தைக் குறைத்தார்கள். மேட்டுவீட்டான் பள்ளவீட்டானுக்குக் கைகொடுப்பது போல. நம் நாட்டிலும் அதே 2016 ஏப்பிரலில், தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் மூலம் எல்லா வீடுகளுக்கும் சிறு வணிகங்களுக்கும் அரசாங்கமே கட்டுப்பணம் செலுத்தும் அனர்த்தக் காப்புறுதி தொடங்கப்பட்டது. உடைமைச் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை என்று உச்சம் வகுத்தார்கள். அடுத்த மாதமே களனி பெருகிற்று. அரநாயக்காவில் மலை சரிந்தது. கொள்கை நல்லதே. வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் மறவாமல் அதற்குப் பணம் ஒதுக்கப்படுகின்றதா என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கவேண்டும். கேட்கும்படி நாம் அவர்களை நெருக்க வேண்டும்.

விவசாயத்துக்கும் ஒரு சொல். இலங்கையில் நெற்பயிர்க் காப்புறுதி 1958இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1961இல் சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முன்சென்ற முயற்சிகளுள் ஒன்று. இன்று அதனை நடத்தும் கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. 2018இல் வந்த இலவசத் திட்டத்தில் இடம்பெற்ற பயிர்கள் ஆறு: நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, பெரிய வெங்காயம், மிளகாய். நம் மலையில் விளைவது என்ன? தேயிலை, மிளகு, கராம்பு, சாதிக்காய், காய்கறி. ஹேவாஹெட்டைப் பக்கத்தில் போஞ்சியும் கோவாவும் போட்டவர் அந்தப் பட்டியலில் தம் பயிரைத் தேடினால் காணமாட்டார். சமவெளியின் கண்கொண்டு எழுதிய பட்டியல் அது. ஒரு போகத்து நெல் அழிந்தால் அடுத்த போகத்தில் விதைக்கலாம். சரிந்துபோன தேயிலைச் சரிவில் மேல்மண்ணே இல்லை, எதை நடுவது?

உறுதியும் காப்புறுதியும்

இவை எல்லாவற்றையும்விட நம் நெஞ்சை அழுத்தும் விஷயத்துக்கு வருகின்றோம். காப்புறுதிச் சட்டத்தின் மூலவிதி ஒன்றுண்டு. ஒரு பொருள் அழிந்தால் எவனுக்கு நட்டமோ அவனே அப்பொருளைக் காப்புறுதி செய்யலாம். காணிக்கும் வீட்டுக்கும் அதைக் காட்டுவது எது? உறுதிப் பத்திரம். உறுதி உடையவனுக்கே காப்புறுதி!

கம்பளைக்கு அருகில் 1823, 24ஆம் ஆண்டுகளில் முதற் கோப்பித் தோட்டம் போட்டதிலிருந்து இருநூறு ஆண்டுகளாக நம் மக்கள் இந்த மலையில் வாழ்கின்றனர். 1948இல் குடியுரிமையை இழந்து, பல தசாப்தங்கள் போராடி அதை மீட்டனர். வாக்குச்சீட்டு வந்தது, காணி வரவில்லை. லயத்தின் நிலம் அரசுக்கு. 1992 முதல் நிர்வாகம் கம்பனிக்கு. உள்ளே இருக்கும் பாத்திரமும் பாயும் தொழிலாளிக்கு. லயத்தின் மேல் மலை சரிந்தால், கட்டடத்தின் நட்டஈட்டை எவர் கேட்பது? சுவர் அவனுடையதல்ல. மகன் கொழும்பில் உழைத்து அனுப்பிய பணத்தில் காம்பராவின் முன்புறம் கட்டிச் சேர்த்த அறையும் சட்டத்தின் கண்ணில் அவனுடையதல்ல. 2014 அக்டோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டம் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அங்கிருந்தோர் ஆபத்தை அறியாதவர்களல்லர். பல ஆண்டுகளுக்கு முன்பே அவ்விடம் ஆபத்தானது என்று எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிந்தும் போக இடமில்லை. சொந்தக் காணி இல்லாதவனுக்கு "வெளியேறு" என்ற கட்டளை எந்தத் திசையைக் காட்டும்?

இது தமிழர் குறை மட்டுமன்று என்பதையும் சொல்லவேண்டும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப் பத்திரத்தை மட்டும் வைத்திருக்கும் கண்டிச் சிங்களக் கிராமத்தவரும் இதே இடுக்கில் நிற்பவரே. இதில் அவர்களோடு சேர்ந்து குரல் எழுப்புவதே முறை.

இந்திய உதவியோடு தோட்டங்களில் எழுந்த தனிவீடுகளுக்கு ஏழு பேர்ச் காணி என்று வகுத்தார்கள். ஏழு பேர்ச் எங்கே அளக்கப்படுகின்றது என்பதே இப்போதைய கேள்வி. தேயிலை விளையாத சரிவைத் தள்ளிக்கொடுத்துவிட்டு, வீடு கொடுத்தோம் என்று கணக்குக் காட்டினால், அது அடுத்த மழைக்குப் பலி கொடுப்பதாகும். ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அவ்வறிக்கை அங்கே குடியேறுபவர் கையில், தமிழில் இருக்கவேண்டும். வீட்டுச் சாவியோடு உறுதியும், உறுதியோடு அனர்த்தக் காப்புறுதியும் சேர்த்தே கொடுக்கப்பட வேண்டும். உறுதி வரும்வரை, லயத்தில் குடியிருப்பவர் பெயரைக் கிராம உத்தியோகத்தரின் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவையே நட்டஈட்டுக்கு ஆதாரமாக ஏற்கவேண்டும். இம்மூன்றையும் கோரும் விண்ணப்பம் ஒன்று வாயிற்புற மேசையில் இருக்கின்றது. வாசித்து, உடன்பாடானால் கையொப்பமிடுங்கள்.

அதே மேசையில் சட்டத்தரணி அன்பர் இருவரும், காப்புறுதித் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பெரியார் ஒருவரும் இரவு எட்டு மணிவரை இருப்பர். பத்திரம் கொண்டுவந்தவர்கள் வரிசையாக வந்து காட்டலாம். கொண்டுவராதவர் அடுத்த ஞாயிறு இதே மண்டபத்துக்கு எடுத்து வரட்டும். எல்லாப் பக்கங்களையும் எடுத்து வரட்டும்.